தவளைக் கண்ணன் வந்த வழி

ஊவா மலைநாட்டில் ஆடி மாதத்துக் காற்று ஒரு தனிச் சாதி. நுவரெலியாப் பக்கத்தில் மழையை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு முகட்டைத் தாண்டி வந்து, பண்டாரவளையின் யூக்கலிப்ரஸ் மரங்களைப் பிடித்து உலுக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவது இந்தக் காற்றினால்தான் என்பர். 2018ஆம் ஆண்டு ஆடியில் அந்தக் காற்றுக்கு முகங்கொடுத்தபடி, ஒரு தோட்டத்துக் கிளார்க்கர் வீட்டின் பின்புறத்தில், கோழிக்கூட்டுக்கும் விறகுக் கொட்டிலுக்கும் நடுவே நாம் நின்றிருந்தோம். எதிரே சாக்குகளின் அடியிலிருந்து ஒற்றைக் கண் ஒன்று எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் சாக்குகளை ஒவ்வொன்றாக நீக்கினார். ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற்! வலப்பக்கத்து விளக்கு மாத்திரம் பழைய கம்பீரத்தோடு நிமிர்ந்திருந்தது. இடப்பக்கத்து விளக்கும் அதன் கீழான தகடும் ஒன்றாகக் கசங்கி, மிதிபட்ட பேணிபோல் உள்ளே போயிருந்தன. கதவைத் திறந்தபோது, இருக்கையில் அடைகிடந்த கோழியொன்று எமது முகத்திலே சிறகடித்துப் பறந்தது.

இந்தக் காரை அறியாத இளம் மாணவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1958 மே 20ஆம் நாள் மொன்ரி கார்லோவில் உலகுக்குக் காட்டப்பட்ட சிறு பந்தயக் கார் இது. டொனால்ட் ஹீலி என்பவரின் குழுவினர் உருவமைக்க, இங்கிலாந்திலே அபிங்டன் தொழிற்சாலையில் 1961 வரை ஏறக்குறைய 49,000 கார்கள் ஒன்றுகூட்டப்பட்டன. வெளிப்புறத்தில் கதவுக் கைபிடி இல்லை. பின்புறத்தில் பெட்டி மூடி இல்லை. பொருள்களை இருக்கைகளின் பின்னால் நுழைத்துத்தான் வைத்தல் வேண்டும். முன்விளக்குகளை மடங்கி மறையுமாறு செய்யவே முதலில் எண்ணினார்களாம். செலவு கூடும் என்று அந்த எண்ணத்தைக் கைவிட்டு, விளக்குகளை மூடியின் மேலேயே நிறுத்திவிட்டார்கள். சிக்கனத்தினால் வந்த அந்தத் தவளை முகமே பின்னர் அதன் புகழாகிவிட்டது. வரியோடு சேர்த்தும் எழுநூறு பவுணுக்குக் குறைந்த விலை. இளைஞர்கள் மயங்கியதில் வியப்பென்ன?

இலங்கைக்கு இவை அதிகம் வரவில்லை. அறுபதுகளின் தொடக்கத்திலேயே அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கடிவாளம் விழுந்துவிட்டது. வந்த சிலவற்றை மலைநாட்டுத் துரைமார் வைத்திருந்தனர். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்கவும், மாலையிலே கழகத்துக்குப் போகவும் இத்தகைய வண்டிகள் அவர்களுக்கு உதவின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது, துரைமார் பலர் பெட்டி கட்டினர்.

"தொரை ஊருக்குப் போறப்ப எங்கப்பா கையில சாவியக் குடுத்துட்டுப் போனாருங்க" என்றார் வீட்டுக்காரர். "இருபத்தெட்டு வருசம் கணக்கு எழுதினதுக்கு அதாங்க சன்மானம். மறு வருசமே அப்பா ஓட்டிப் பழகப் போயி, அந்தா தெரியுது பாருங்க, அந்தத் திருப்பத்துல மண்மேட்டுல சாத்திட்டாரு. அதுக்கப்புறம் அவரு தொடவே இல்லீங்க. விக்கவும் விடல."

தந்தையார் காலமாகி, மகனும் அதே தோட்டத்துக் கந்தோரில் வேலைபார்த்து இளைப்பாறிவிட்டார். தோட்டத்து வீட்டை விட்டு, வெலிமடையில் மகள் வீட்டோடு போகவேண்டிய வேளை. கார் கூடப் போக இயலாது. ஆறு இலட்சம் ரூபா கேட்டார். நாம் பேரம் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும், ஆனால் நாம் பார்த்ததெல்லாம் கசங்கிய முகத்தை மாத்திரமே. அடிவயிற்றைப் பார்க்கவில்லை. தரையிலே விரித்திருந்த கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. ஐம்பத்தாறு வயதில் ஒருவருக்கு இவ்வளவு அறியாமை தகுமா என்று வாசகர் கேட்கலாம். வீட்டில் அதே கேள்வி கேட்கப்பட்டது.

அந்த ஆறு இலட்சம் எந்தக் காசு என்பதையும் ஒளியாமற் சொல்லிவிடுதல் நன்று. எமது வீட்டுக் கூரை போர்க்காலத்தில் அதிர்ந்த கூரை. ஓடுகள் நகர்ந்து, சிலாகைகள் உளுத்து, ஐப்பசி மழை தொடங்கினால் நடு அறையில் மூன்று வாளி வைக்கும் நிலை. வளையும் சிலாகையும் மாற்றுவதற்கென்று இல்லாள் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பணம் அது. தொலைபேசியிலே விடயத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேச்சில்லை.

"இஞ்சருங்கோ, அதிலை எத்தினை பேர் இருக்கலாம்?"

"இரண்டு பேர்."

"அப்ப நாலு பிள்ளையளும் நானும் பின்னாலை ஓடி வாறதோ?"

அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

காரை ஏற்றிச் செல்வதற்குச் சுன்னாகத்து லொறியொன்று வாய்த்தது. மலைக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவந்து, திரும்பும்போது கரட்டும் லீக்ஸும் ஏற்றிச் செல்லும் லொறி. தோட்டத்து இளைஞர் எண்மர் கூடி "ஏலேலோ" போட்டுத் தூக்கி வைத்தனர். அறுநூற்றைம்பது கிலோ அளவிலான வண்டிதானே! வெலிமடையிலும் நுவரெலியாவிலும் மரக்கறி மூட்டைகள் அதைச் சுற்றி அடுக்கப்பட்டன. லீக்ஸ் தாள்களுக்கு நடுவே ஒற்றைக் கண் தெரிந்த கோலம், வயலிலே தலைநீட்டிய தவளையேதான்.

அன்றைய பயணத்தை நாம் மறப்பதற்கில்லை. ஹக்கலைப் பூந்தோட்டத்தைக் கடந்ததும் சீதாஎலியவில் அம்மன் கோயில் முன்பாகச் சாரதித் தம்பி லொறியை மெதுவாக்கிக் கும்பிட்டார். றம்பொடைக் கணவாயில் இறங்கும்போது மேகம் எமக்குக் கீழே கிடந்தது. நீர்வீழ்ச்சிகள் நூலாகத் தொங்கின. புசல்லாவை, கம்பளை, பேராதனை. கண்டியில் ஏ9 பெருந்தெரு தொடங்குகிறது. அங்கிருந்து யாழ்ப்பாணம் 321 கிலோ மீற்றர். மாத்தளையில் மிளகும் கொக்கோவும். தம்புள்ளையில் மரக்கறிச் சந்தையின் நள்ளிரவு இரைச்சல். லொறியின் கீழேயே பாய் விரித்துச் சாரதித் தம்பி உறங்கினார். எமக்கு உறக்கம் வரவில்லை. வாளிகள் மூன்றும் கண்முன் நின்றன.

விடியற்காலையில் வவுனியாவைத் தாண்டினோம். இந்தத் தெரு ஆண்டுக்கணக்காக மூடிக்கிடந்த தெரு. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த பின்னரே வழமைக்கு வந்தது. இப்போது கறுப்புப் பட்டுப்போல் விரிந்து கிடக்கிறது. முறிகண்டியில் நிறுத்தாமற் செல்லும் சாரதி அரிது. பிள்ளையார் முன்னிலையில் தேங்காய் உடைத்த தம்பி, இன்னொரு தேங்காயும் வாங்கி வந்தார்.

"இது ஆருக்கு?"

"மேலை இருக்கிறவருக்கு அண்ணை. அவரும் ஒரு வாகனம்தானே."

முறிகண்டிக் கச்சான் கடலையைக் கொறித்தபடி ஆனையிறவை அடைந்தோம். 1991ஆம் ஆண்டுச் சமரின் நினைவாக அங்கே தெருவோரத்தில் இரும்புக் கவசமிட்ட புல்டோசர் ஒன்றை மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த அந்த வண்டியைக் காண்பவர்கள், அவரவர் கண்டதை நினைத்துக்கொண்டு செல்வார்கள். எமது லொறியும் பேச்சின்றி அதைக் கடந்தது. ஏரியின் மேலாக வீசிய காற்று, பண்டாரவளையில் எம்மை உலுக்கிய அதே தென்மேல் காற்றுத்தான். இங்கே அதற்குச் சோளகம் என்று பெயர்.

கொக்குவில் பக்கத்து ஒழுங்கையொன்றில், கிடுகுவேலிக்கு உட்புறமாக, வேப்ப மரத்தின் கீழே ஒரு கராச். அதன் உரிமையாளருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. பதினாறு வயதிலே சில்லுக் கழற்றத் தொடங்கியவர். லொறியை விட்டு இறங்கிய காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முன்மூடியைத் தூக்கச் சொன்னார். ஸ்பிறைற்றின் மூடி விந்தையானது. முன்பக்கத் தகடு, சில்லுக் கவசம், விளக்கு எல்லாம் ஒரே துண்டாக முதலை வாய்போலத் திறக்கும். உள்ளே குனிந்து பார்த்தவர் முகத்தில் மெல்லச் சிரிப்புப் பரந்தது.

"தம்பி, இது எங்கடை மைனர்தானே. உடுப்பு மட்டும்தான் வேறை."

உண்மை. 948 கன சென்ரிமீற்றர் கொண்ட அதே இயந்திரம் 1956இலிருந்து மொறிஸ் மைனர் ஆயிரத்திலும் ஒஸ்ரின் ஏ35இலும் ஓடியது. ஸ்பிறைற்றுக்குக் காபரேற்றர் இரண்டு, வலு சற்று அதிகம், வேறுபாடு அவ்வளவே. திசைதிருப்பும் பல்தண்டு மைனருடையது. முன் தொங்கலும் கியர்ப் பெட்டியும் ஏ35இனுடையவை. கம்பனியின் களஞ்சியத்தில் இருந்ததைக் கொண்டே ஹீலி தமது காரைச் சமைத்துவிட்டார். ஆகவே உலகில் எங்கே மைனரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் உள்ளனரோ, அங்கே ஸ்பிறைற்றுக்கும் வைத்தியர் உண்டு. யாழ்ப்பாணத்தைவிட நல்ல இடம் வேறெங்கே?

தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், மைனரையும் சோமசெற்றையும் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊர் இது. காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடுவார்கள். பின்னால் கரும்புகை, கண்ணிலே எரிவு. ஆனாலும் பிரசவ வேதனைப்பட்ட பெண்கள் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கலையிலே பெரியவர் பெயர் பெற்றவர் என்று ஒழுங்கையில் எல்லோரும் சொல்வர். தாமாக அவர் ஒன்றும் சொல்லார்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கம்பளத்தைத் தூக்கி, திருப்புளியை எடுத்துத் தரையிலே குத்தினார். திருப்புளி மறுபுறம் போயிற்று. பின்சில்லுகளின் முன்னால், வில் தகடுகள் வந்து பொருந்தும் பெட்டிகளைக் குத்தினார். அங்கேயும் போயிற்று. இந்தக் காருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடலே எலும்பு. அந்த எலும்பு நாற்பது ஆண்டு மலை ஈரத்தில் துருவாகக் கரைந்துவிட்டது.

"மூஞ்சி நெளிஞ்சது ஒண்டுமில்லை. அதை நான் தட்டி எடுப்பன். இடுப்பு முறிஞ்சு போச்சு. இதுக்கு நீர் குடுத்த காசு மாதிரி இன்னுமொருக்கா வேணும். இல்லாட்டி இயந்திரத்தைக் கழட்டி வித்துப்போட்டு மற்றதை இரும்புக்குப் போடும். யோசிச்சுச் சொல்லும் தம்பி."

அன்றிரவு நாம் கணக்குப் பார்த்தோம். பிரித்து விற்றால் போட்டதில் மூன்றில் ஒன்று தேறலாம். அந்தத் தாளை இல்லாளிடம் நீட்டினோம். வாசித்து மடித்துத் தந்தவர், "கிளார்க்கர் ஐயா நாற்பது வருசம் வெட்டி விக்கேல்லை. நீங்கள் ஒரு கிழமையிலை விக்கப் போறியளோ?" என்று கேட்டார். பிறகு, "வாளி நாலாவது ஒண்டு வேணும். சாமி அறையிலையும் ஒழுகுது" என்றார்.

வேலை நான்கு ஆண்டுகள் நீண்டது. எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. இறுகிப்போன இயந்திரத்தின் உருளைகளில் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, பதினொரு நாள் ஊறவிட்டு, நாலாம் கியரில் போட்டு, முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி, பன்னிரண்டாம் நாள் அது "களுக்" என்று அசைந்தபோது ஒழுங்கைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தரைத் தகடுகளைப் பெரியவர் தாமே வெட்டி வளைத்தார். வில் பெட்டிகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். தென்னிலங்கையில் மைனருக்கான தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியவர்கள் உண்டு. ஸ்பிறைற்றுக்கு அத்தகைய கொடுப்பினை இல்லை. கசங்கிய முகத்தை மரச் சுத்தியலாலும் மணல் மூட்டையாலும் நான்கு மாதம் தட்டினார். இடப்பக்கத்து விளக்குக் குவளை மட்டும் வலப்பக்கத்தைவிட ஒரு நூல் தாழ்ந்தே நின்றது. மீண்டும் தட்டவா என்றார். வேண்டாம் என்றோம்.

இலக்கத் தகட்டைத் துடைத்தபோது நடுவிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தெரிந்தது. 1957இல் வந்த எழுத்து. 1958இல் யாழ்ப்பாணத்தில் அந்த எழுத்தின்மீது தார் பூசியதையும், அதைத் தொடர்ந்து நாடு பட்ட பாட்டையும் மூத்தோர் அறிவர். அப்போது பெரியவருக்குப் பதினான்கு வயது. "தார் வாளி தூக்கினவங்களிலை நானும் ஒருத்தன்" என்று சொல்லிக்கொண்டே, அந்த எழுத்துக்கு வெள்ளை வர்ணத்தைச் சிந்தாமல் பூசி முடித்தார்.

மற்றொரு செய்தியை அவருடைய மகன் சொல்லித்தான் அறிந்தோம். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் தமது மைனரிலே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர், பின்னர் வன்னிக்குப் போய், 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் அந்தக் காரைக் கைவிட்டு நடந்து வந்திருக்கிறார். கைவிடும் முன்னர் அதன் பல்தண்டை மாத்திரம் கழற்றிச் சாரத்தில் சுற்றி எடுத்து வந்தாராம். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. அத்தகைய இரும்பை அவ்வேளையில் சுமப்பார் உண்டா? எமது காரின் பல்தண்டு தேய்ந்துபோயிருந்தது. ஒருநாள் நாம் போனபோது புதிதாய் ஒன்று பூட்டப்பட்டிருந்தது. விலை கேட்டோம். "அது கிடந்த சாமான்" என்றார்.

2020இல் ஊரடங்கு. 2022இல் கார் எழுந்து நின்ற வேளை, நாட்டிலே பெற்றோல் இல்லை. மைல் நீளத்துக்கு வரிசைகள். "மண்ணெண்ணெயிலை ஓட்டிக் காட்டட்டோ?" என்று பெரியவர் சிரித்தார், மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். அந்த ஆண்டு ஆவணியில் அதன் விலை இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. கார் தகரக் கொட்டிலில் காத்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு நன்மை நிகழ்ந்தது. மூத்த மகள் தன் முதல் வருட உழைப்பை அனுப்பினாள். "அப்பாவின்ரை காருக்கு இல்லை" என்று கடிதத்தில் கோடிட்டு எழுதியிருந்தாள். புரட்டாதியில் கூரை வேலை முடிந்தது. வாளிகள் கிணற்றடிக்குத் திரும்பின.

2023 தைப்பொங்கலுக்கு மறுநாள் காரை வெளியே எடுத்தோம். முதலிலே ஏறுவது யார்? வாக்குக் கொடுத்தது இல்லாளுக்கு. அவரோ பொங்கற் பானையைக் கழுவிக்கொண்டே, "ஐயாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் நாளைக்கு வாறன்" என்று முடித்துவிட்டார்.

கூரைத் துணியை மடித்துவிட்டுப் புறப்பட்டோம். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை, மூளாய். தெருவிலிருந்து ஓரடி உயரத்தில் அமர்ந்து செல்லும்போது, முப்பது மைல் வேகமே பறப்பதுபோல் இருக்கிறது. துவிச்சக்கர வண்டிகள் எமக்கு மேலே தெரிந்தன. வேலிக்கு மேலால் பனைகள் சாய்ந்து பார்த்தன. "தவளை, தவளை!" என்று கத்திக்கொண்டு சிறுவர் ஓடி வந்தனர். பொன்னாலையில் நிலம் முடிந்து, காரைநகருக்குக் கடலை ஊடறுத்துச் செல்லும் பாலப் பாதை தொடங்கியது. இரு மருங்கும் ஆழமில்லாத நீர். களங்கட்டித் தடிகள் வரிசையாய் நின்றன. மாலை வெயில் எல்லாவற்றையும் செம்பாக்கியிருந்தது.

நடுப்பாதையில் பெரியவர் கையைக் காட்டினார். நிறுத்தினோம். இறங்கிப் போய் மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் பக்கமாகத் தலையைச் சாய்த்து நெடுநேரம் நின்றார். ஏதும் பிழையோ என்று பயந்தோம்.

"பிழை ஒண்டுமில்லை. காற்று இரைச்சலுக்கை சத்தம் கேக்கேல்லை. அதுதான்."

பின்னர், ஓட்டத் தமக்கு ஒரு முறை தரலாமோ என்று கேட்டார். காரைநகர்க் கசோரினாக் கடற்கரை வரைக்கும், திரும்பி வீடு வரைக்கும் அவரே ஓட்டினார். இடப்பக்கத்து இருக்கையில் நாம் வாயைத் திறக்கவில்லை. இருட்டியதும் விளக்குகளைப் போட்டார். வலப்பக்கத்து ஒளி தெருவிலும், ஒரு நூல் தாழ்ந்த இடப்பக்கத்து ஒளி தெருவோரப் புல்லிலும் விழுந்தன.

மறுநாள் இல்லாளின் முறை. நல்ல சேலை உடுத்து, பூ வைத்து வந்து அமர்ந்தார். ஆனைக்கோட்டை தாண்டவில்லை, பருவம் தப்பிய தை மழை பிடித்துக்கொண்டது. தெருவோரம் நிறுத்தி, கூரைத் துணியை இழுத்து, ஆணிகளில் மாட்டி, பக்கத் திரைகளைச் செருகி முடிப்பதற்குள் இருவரும் பாதி நனைந்துவிட்டோம். மாட்டிய பின்னரும், கண்ணாடிச் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாக அவரது மடியில் விழுந்தது.

"வீடு ஒழுக்கு நிண்டிட்டுது எண்டு பாத்தால், இது தொடங்கியிட்டுது" என்றார் இல்லாள். கைப்பையைத் திறந்து, பொங்கலுக்கு வாங்கிய சிறிய எவர்சில்வர் ஏனம் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதை ஏன் எடுத்து வந்தார் என்று நாம் கேட்கவில்லை. மழை விடும் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.